முதல் கத்தியிலிருந்து முதல் சண்டை வரை: வாள் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் வாங்கிய முதல் வாளின் விலை 90 யூரோ. கண்ணாடி மாதிரி பளபளப்பு, கைப்பிடியில் சிங்கமுகம், கூடவே சுவரில் மாட்ட ஒரு மரப்பலகை. இரண்டு வாரம் சுவரில் தொங்கியது. மூன்றாவது வாரம் ஆசை தாங்காமல் நண்பன் வீட்டுத் தோட்டத்துக்கு எடுத்துப்போய், ஒரு தண்ணீர் பாட்டிலை நிறுத்திவைத்து வீசினேன். முதல் வீச்சில் பாட்டில் வெட்டுப்படாமல் உருண்டு விழுந்தது. மூன்றாவது வீச்சில் கை திடீரென்று லேசானது. பார்த்தால் கைப்பிடி மட்டும் என்னிடம் இருக்கிறது, வாள் ஐந்தாறு மீட்டர் தள்ளி வேலிச் செடிக்குள் குத்தி நிற்கிறது. அந்த இடத்தில்தான் நண்பனின் மகள் ஊஞ்சல் ஆடுவாள். அன்றைக்கு அவள் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் தப்பித்தோம்.

உடைந்த இடத்தைப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. வாளின் இரும்பு கைப்பிடிக்குள் போகவே இல்லை. சுண்டுவிரலைவிட மெல்லிய, மரை போட்ட ஒரு கம்பியை வாளின் அடியில் பற்றவைத்து, அதன் மேல் கைப்பிடியை மாட்டி நட்டு முறுக்கியிருக்கிறார்கள். எலிவால் டாங் என்று இதற்குப் பெயர். டாங் என்றால் கைப்பிடிக்குள் போகும் இரும்புப் பகுதி. வாளின் உயிர் அங்கேதான் இருக்கிறது, கடைக்காரர் படத்தில் அது தெரியவே தெரியாது.

பெரும்பாலானவர்கள் போகிற வரிசை இதுதான்: முதலில் வாள், அப்புறம் வீடியோ, அப்புறம் காயம், கடைசியில் வகுப்பு. நான் சொல்லப் போவது அதற்கு நேர் தலைகீழ். முதலில் ஒரு சின்னக் கத்தி, அப்புறம் வகுப்பு, சொந்த வாள் கடைசியில். நான் இருப்பது ஜெர்மனியில், கொலோன் பக்கம். பழகுவது 15ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய லாங்சோர்ட், அதாவது இரண்டு கையால் பிடிக்கும் நீண்ட வாள். அதனால் உதாரணங்கள் இந்தப் பக்கத்து வாசனையோடுதான் இருக்கும்.

படி 1: சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தள்ளிப்போட்டால் பணம் கஸ்டம்ஸில் போய் உட்கார்ந்துவிடும். ஜெர்மனியில் 18 வயது ஆகியிருந்தால் வாள் வாங்கலாம், வீட்டில் வைத்துக்கொள்ளலாம். வெளியே எடுத்துப்போவதுதான் சிக்கல்: பூட்டிய பையில் போக வேண்டும். மடங்காத கத்தியாக இருந்தால் 12 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ளதைச் சும்மா இடுப்பில் செருகிக்கொண்டு திரிய முடியாது. ஒரே கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் மடக்குக் கத்திக்கும் அதே கதிதான். 2024 அக்டோபர் கடைசியில் சட்டம் இன்னும் இறுகிவிட்டது. திருவிழா, சந்தை மாதிரிப் பொது நிகழ்ச்சிகளுக்குக் கத்தியே கொண்டுபோகாதீர்கள்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. கைப்பிடி அலகுக்குக் குறுக்காக இருக்கும் முஷ்டிக் கத்திகள் இங்கே தடைசெய்யப்பட்டவை. நம்முடைய கட்டாரியின் பிடி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊர்ப்பெருமைக்குக் கட்டாரி ரெப்ளிகா ஒன்றை வரவழைக்க நினைப்பவர்கள் முதலில் அதிகாரிகளிடம் எழுதிக் கேட்டுவிட்டு வரவழையுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் பொருந்தும். வாள், குத்துவாள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி எல்லாம் ஐந்தாவது வகை ஆயுதம். வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு, அதனால்தான் தேங்காய் வெட்டுகிற அரிவாளுக்கு யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. இந்த வகை ஆயுதங்களுக்கு எந்தெந்தப் பகுதியில் லைசென்ஸ் கட்டாயம் என்பதை மத்திய அரசு அறிவிக்கும். ஆகவே 'மழுங்கல் வாள்தான் சார், ஷோவுக்கு' என்று விற்பவர் சொல்வதை நம்பாமல் உங்கள் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பதினைந்து யூரோ கத்தியில் தொடங்குங்கள்

சேகரிப்பு என்றதும் கண்ணாடி அலமாரி, வரிவரியாகக் கோலம் தெரியும் விலை உயர்ந்த டமாஸ்கஸ் எஃகு என்று மனம் ஓடும். வேண்டாம். என் ஆலோசனை, பிரான்சின் ஓபினெல் எட்டாம் நம்பர் கத்தி, கார்பன் ஸ்டீல் அலகு. ஜோசப் ஓபினெல் 1890 வாக்கில் சவோய் மலைப்பகுதியில் செய்யத் தொடங்கியது; எட்டரை சென்டிமீட்டர் அலகு, மரப்பிடி, பிடியின் கழுத்தில் திருகிப் பூட்டும் ஒரு இரும்பு வளையம். அவ்வளவுதான். ஸ்வீடனின் மோரா கத்தியும் இதே விலையில் கிடைக்கும்.

ஏன் ஸ்டெயின்லெஸ் வேண்டாம், கார்பன் வேண்டும் என்கிறேன்? அது உங்களுக்குப் பாடம் எடுக்கும். முதல் நாள் ஒரு வெங்காயம் நறுக்குங்கள், அலகில் சாம்பலும் நீலமுமாகக் கறை ஏறும். எலுமிச்சம்பழம் நறுக்கிவிட்டுக் கழுவாமல் வைத்தால் காலையில் செம்புள்ளி நிற்கும். என் வீட்டில் இதற்குத் தனியாக ஒரு பஞ்சாயத்தே நடந்தது, 'துருப்பிடித்த கத்தியில் குழந்தைக்குப் பழம் நறுக்குகிறீர்களா' என்று. சாம்பல் நிறம் துரு இல்லை. அது அலகின் மேல் படியும் மெல்லிய படலம், துருவைத் தாமதப்படுத்தவே செய்யும். செந்நிறம்தான் எதிரி. இந்த வித்தியாசம் 15 யூரோ கத்தியில் கண்ணுக்குப் பழகிவிட்டால், பின்னாளில் 500 யூரோ வாளில் தப்பு செய்ய மாட்டீர்கள்.

அப்புறம் சாணை. கடையில் கொடுத்து மோட்டார் சக்கரத்தில் தீட்டாதீர்கள், சூடேறினால் விளிம்பின் பதம் போய்விடும். 1000, 3000 என்று இரண்டு பக்கம் உள்ள ஒரு தண்ணீர்க்கல் போதும். கல்லைப் பத்து நிமிடம் ஊறவையுங்கள். கத்தியின் விளிம்பு நெடுக ஒரு மார்க்கர் பேனாவால் கறுப்புக் கோடு போடுங்கள். இப்போது 15 முதல் 20 டிகிரி சாய்வில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் பாருங்கள். மை விளிம்பில் அழியாமல் மேலே மட்டும் அழிந்திருந்தால் கத்தியை அதிகமாகப் படுக்கவைத்துவிட்டீர்கள். விளிம்பில் மயிரிழை அளவுக்கு மட்டும் அழிந்திருந்தால் அதிகமாக நிமிர்த்திவிட்டீர்கள். மை முழுசாக அழியும் சாய்வு கிடைத்ததும் மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு அதே சாய்வில் இழுங்கள். கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்து விளிம்பில் விரலை இழுத்தால், விளிம்போடு ஓட்டாமல் குறுக்காக, பிசிறு தட்டுப்படும். நுனி முதல் அடி வரை பிசிறு வந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். அவசரத்தில் பிசிறு வரும் முன்பே திருப்பிவிட்டு 'கல் சரியில்லை' என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

சேகரிப்பை எப்படி வளர்ப்பது என்றால், ஒரு நூலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு ஊர், ஒரு காலம், ஒரு வகை. நான் பிடித்தது ஸோலிங்கன். கொலோனிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த ஊர்ப் பெயருக்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. 1938இலேயே அதற்குச் சட்டம் போட்டார்கள், வேறு ஊரில் செய்ததில் 'ஸோலிங்கன்' என்று முத்திரை குத்த முடியாது. அங்கே க்ரேஃப்ராத் என்ற பகுதியில் பழைய மடம் ஒன்றில் கத்தி அருங்காட்சியகம் இருக்கிறது, ஊருக்குள் ஓடும் ட்ராலி பஸ்ஸிலேயே போகலாம். வாள் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் ஒரு நாள் முழுக்க அங்கே நின்று அசல் வாள்களின் பக்கவாட்டைப் பாருங்கள், முகப்பை அல்ல. பிடியருகே தடித்து நுனியை நோக்கி எப்படி மெலிகிறது என்று தெரிந்தால், கடையில் விற்கும் ஒரே தடிமனான தகரங்கள் பிறகு கண்ணிலேயே தங்காது.

ஊரில் இருப்பவர்கள் திருப்பாச்சேத்தி அரிவாளிலிருந்தே தொடங்கலாம், அதில் தப்பே இல்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்த கட்டாரிகள் இருக்கின்றன. தென்னிந்தியக் கட்டாரிகள் பலவற்றில் அலகு மட்டும் ஐரோப்பாவிலிருந்து வந்தது, பிடி நம் ஊரில் செய்தது. அந்த விவரம் தெரிந்து பார்த்தால் பார்வையே மாறும்.

டமாஸ்கஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய டமாஸ்கஸ் வாள்களோடு சேர்த்துப் பேசப்படுவது மூசையில், அதாவது மண்குடுவையில், உருக்கிய தென்னிந்திய, இலங்கை உருக்கு. இன்று அந்தப் பெயரில் விற்பது இரண்டு வகை எஃகை அடுக்கி அடித்து மடித்தது. அது தனிக் கலை, மோசமில்லை. மோசம் எது என்றால், சாதா ஸ்டெயின்லெஸ் மேல் லேசரில் கோலம் போட்டு விற்பது. மறைவான ஓர் இடத்தில் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அமிலம் தடவினால், அசலில் வரிகள் திரும்பி வரும். போலியில் போனது போனதுதான்.

படி 3: மூன்று வாள்கள், மூன்று வேலைகள்

ரெப்ளிகா வாள் என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று சாதி உண்டு. சுவரில் மாட்டுவது, வெட்டிப் பார்ப்பது, ஆளோடு ஆள் பழகுவது. ஒன்றின் வேலையை இன்னொன்றுக்குக் கொடுத்தால் வேலிச் செடிக் கதைதான்.

சுவர் வாள் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ். அந்த எஃகு கத்தி நீளத்துக்கு நல்லது. ஒரு மீட்டர் நீளத்தில் அதிர்ச்சி தாங்காமல் முறியும். இது தூசி தட்டுவதற்கு மட்டும்.

வெட்டும் வாள் கார்பன் எஃகு. விவரக் குறிப்பில் 1060, 1095, 5160 மாதிரி எண்கள் இருக்கும். 5160 என்பது ஸ்பிரிங் எஃகு, லாரி பட்டை சாதி. வளைந்தாலும் நிமிர்ந்துவிடும், தொடக்கக்காரனின் கோணல் வெட்டை மன்னிக்கும். 1095 கடினமானது, மன்னிக்காது. கடினத்தன்மை ராக்வெல் அளவில் 50ஐ ஒட்டி இருந்தால் வாளுக்குச் சரி. கத்திக்குச் சொல்லும் 60ஐ வாளுக்கும் சொல்லிப் பெருமைப்படுகிற கடையை விட்டு விலகிவிடுங்கள். டாங் வாளோடு ஒரே இரும்பாக, அகலமாக, கைப்பிடியின் கடைசியில் இருக்கும் குமிழ் வரை போகிறதா, குமிழின் தலையில் இரும்பை அடித்துப் பரப்பி இறுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். விற்பவர் பதில் சொல்லாமல் மழுப்பினால் அதுவே பதில்.

மூன்றாவது, பழகும் வாள். லாங்சோர்டில் இதற்கு ஃபெடர் என்று பெயர், இறகு என்று அர்த்தம். விளிம்பு மழுங்கல், முனை தட்டையாகவோ சுருட்டியோ இருக்கும், குத்தினால் வில் மாதிரி வளையும். கைக்காப்புக்கு மேலே அலகு சற்று அகன்று ஒரு சின்னக் கேடயம் மாதிரி நிற்கும். இது இன்றைய கண்டுபிடிப்பு இல்லை. 16ஆம் நூற்றாண்டுப் பயிற்சிப் படங்களிலேயே இதே வடிவம் இருக்கிறது.

எடையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து கிலோ, பத்து கிலோ என்று கேள்விப்பட்டதை மறந்துவிடுங்கள். ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் நீளமுள்ள, இரண்டு கையால் பிடிக்கும் லாங்சோர்ட் ஒன்றரை கிலோவை ஒட்டித்தான் இருக்கும்.

படி 4: வாள் இல்லாமல் வகுப்புக்குப் போங்கள்

ஹீமா என்று தேடுங்கள். பழைய ஐரோப்பியப் போர்க்கலைகளைச் சுவடிகளிலிருந்து மீட்டுப் பழகுகிறவர்கள் இந்தப் பெயரில்தான் இயங்குகிறார்கள். ஜெர்மனி, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா எங்கும் கிளப்கள் உண்டு. பெரும்பாலான கிளப்கள் முதல் சில வாரங்களுக்கு வாளும் முகமூடியும் இரவல் தருவார்கள். உங்களுக்கு வேண்டியது ஸ்போர்ட்ஸ் ஷூவும் தண்ணீர் பாட்டிலும்தான்.

இதில் எனக்குப் பிடித்தது, குரு பரம்பரை அறுந்துபோன கலை என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வது. 14ஆம் நூற்றாண்டில் யோஹான்னஸ் லீக்டெனாவர் என்ற ஆசான் தன் வித்தையைப் பிறர் புரிந்துகொள்ளக் கூடாது என்று மறைபொருளான செய்யுளாகப் போட்டுவைத்தார். நம்ம சித்தர் பாட்டு மாதிரியேதான், உரை இல்லாமல் ஒன்றும் விளங்காது. பின்னால் வந்தவர்கள் 15ஆம் நூற்றாண்டில் உரை எழுதினார்கள். 1570இல் யோவாகிம் மாயர் ஸ்ட்ராஸ்பூர்கில் படத்தோடு அச்சுப் புத்தகமே போட்டார். இந்தச் சுவடிகள் பெரும்பாலும் விக்டெனாவர் என்ற இணையதளத்தில் மொழிபெயர்ப்போடு இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் வகுப்புக்குப் போய் இரண்டு மாதம் கழித்துப் படியுங்கள், அதற்கு முன் படித்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும்.

முதல் நாள் சொல்லித்தருவது நான்கு நிலைகள். பெயர்களைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது: எருது, ஏர், முட்டாள், 'ஃபோம் டாக்'. உழவன் வீட்டுப் பெயர்கள். எருதில் வாளைத் தலைக்குப் பக்கத்தில் கொம்பு மாதிரிப் பிடித்து முனையை எதிராளியின் முகத்துக்கு நீட்டுவீர்கள். ஏரில் கைகள் இடுப்பருகே, முனை மேல்நோக்கி அதே முகத்துக்கு; கலப்பையைப் பிடித்து நிற்பவனைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். முட்டாளில் முனை தரையைப் பார்க்கும், மேலே எல்லாம் திறந்துகிடக்கும், 'வா, அடி' என்று அழைப்பது மாதிரி, வந்தவன்தான் முட்டாள். நான்காவதில் வாள் தோளிலோ தலைக்கு மேலோ, வெட்டத் தயாராக.

இந்த நிலைகளில் சிலை மாதிரி நிற்கக் கூடாது. ஒரு வெட்டு தொடங்கும் இடமும் முடியும் இடமும்தான் நிலை. வலது தோளிலிருந்து குறுக்காக இறக்கும் வெட்டுக்குக் கோப வெட்டு என்று பெயர், கோபம் வந்தால் யார் கையும் தானாக அப்படித்தான் இறங்கும். அதைத் தோளிலிருந்து தொடங்கி, கை முதலில், கால் அப்புறம், முனை எதிராளியின் முகத்துக்கு நேரே நிற்கும்படி முடிக்க வேண்டும். கால் முதலில் போனால் உங்கள் தலையை இலவசமாக நீட்டுகிறீர்கள். இந்த ஒரு வரிசையைச் சரிசெய்ய எனக்கு நான்கு மாதம் ஆனது.

சிறுவயதில் இரண்டு வருடம் சிலம்பம் சுற்றியிருந்ததால் காலடி எனக்குச் சீக்கிரம் வந்தது, எடையை மாற்றுவதும் தூரம் கணிப்பதும் கையோடு இருந்தது. ஆனால் கம்பைச் சுழற்றும் பழக்கம் விடவில்லை. ஒவ்வொரு முறை சுழற்றும்போதும் எதிரில் இருந்த பெண் நிதானமாக என் நெஞ்சில் ஒரு குத்து வைத்தார். 'அழகாக இருக்கிறது, ஆனால் நடுவில் கதவு திறக்கிறது' என்றார் பயிற்சியாளர்.

படி 5: எதை முதலில் வாங்குவது

முகமூடி. அப்புறம் கையுறை. அப்புறம் தொண்டைக் காப்பு, சட்டை, கடைசியில் வாள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முகமூடி ஃபென்சிங் முகமூடிதான், ஆனால் ஃபென்சிங்கில் பின்மண்டையில் யாரும் இரும்பால் அடிப்பதில்லை. அதனால் பின்தலையை மூடும் கூடுதல் உறை ஒன்று வேண்டும். சட்டையில் நியூட்டன் கணக்கு எழுதியிருக்கும், 350, 800 என்று. அது முனை துளைக்காமல் தாங்கும் கணக்கு, அடியின் வலியைத் தாங்கும் கணக்கு இல்லை. உள்ளே பஞ்சு தைத்ததா என்று தனியாகப் பாருங்கள்.

கையுறையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். லாங்சோர்டில் அதிகம் அடிபடுவது கை, அதிலும் கட்டைவிரல். மெல்லிய தோல் கையுறையோடு 'மெதுவாகத்தானே ஆடுகிறோம்' என்று இறங்கி, வலது கட்டைவிரல் நகத்தை முழுசாக இழந்தேன். ஆறு வாரம் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. விரல்களை மூடும் கெட்டியான கையுறை 150 யூரோவுக்கு மேல் போகும். வாங்கும் முன் கிளப்பில் யாருடையதையாவது போட்டுக்கொண்டு வாளைப் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரலை அலகின் தட்டைப் பக்கத்தில் வைக்க முடியவில்லை என்றால் அந்தக் கையுறை வேண்டாம், பாதி வெட்டுகளுக்கு அந்தப் பிடிதான் தேவை.

ஆறு மாதம் தாண்டியும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தால் ஃபெடர் வாங்குங்கள். 250 முதல் 400 யூரோ வரை ஆகும், ஹங்கேரியின் ரெகென்யேய் பட்டறை மாதிரி இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கலாம். நிமிர்த்தி நிறுத்தினால் குமிழ் உங்கள் அக்குள் உயரத்தை ஒட்டி வருகிறதா என்று பார்ப்பது ஒரு பழகிய கணக்கு.

படி 6: வெட்டிப் பார்ப்பது

கூரான வாளை இதற்குப் பிறகுதான் தொடலாம். சுற்றி ஐந்து மீட்டருக்கு ஆள், நாய், கார் எதுவும் கூடாது. பின்னால் யாரும் நிற்கக் கூடாது, முன்னால்தான் ஆபத்து என்று நினைப்பது தப்பு. ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் வாளைப் பிடித்துக் கைப்பிடியில் மறுகையால் தட்டுங்கள். கணீரென்று இருந்தால் சரி, உள்ளே ஏதோ ஆடுகிற சத்தம் கேட்டால் அன்றைக்கு வெட்டு கிடையாது.

தண்ணீர் நிரப்பிய மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் போதும். விளிம்பும் வீச்சும் ஒரே கோட்டில் இருந்தால் பாட்டிலின் அடிப்பாதி அசையாமல் நிற்கும், மேல்பாதி மட்டும் நழுவும். பாட்டில் பறந்தால் விளிம்பு கோணலாகப் போயிருக்கிறது. பலம் பிரச்சினையே இல்லை, பலமாக அடிக்கிறவர்களுக்குத்தான் அதிகம் பறக்கும். கொஞ்சம் கை வந்தபின் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்த பாய்ச்சுருள். ஊரில் வாழைமரம் கிடைக்குமே என்பவர்களுக்கு: கிடைக்கும், நன்றாகவும் வெட்டும், ஆனால் அந்தப் பால் எஃகில் கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். உடனே துடையுங்கள்.

படி 7: வீட்டில்

உறையில் போட்டு மூடிவைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அலகை மெல்லத் தின்னும். வாள் வேறு, உறை வேறாக வையுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டிய அலமாரியில். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். நாளானால் காறிப்போகும், அழுக்கையும் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, பழைய பனியன் துணி, அடியிலிருந்து நுனிக்கு ஒரே போக்காக ஒரு துடைப்பு. விரல் பட்ட இடத்தைக் கட்டாயம் துடையுங்கள், வியர்வை உப்பு ஒரே இரவில் ரேகையை அச்சடித்துவிடும். ஃபெடருக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு: ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் விளிம்பில் எழும்பிய முட்களை அரத்தால் தேய்த்து மழுக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் சட்டையைக் கிழிக்கும்.

பயிற்சிக்குத் தினமும் கோப வெட்டு ஐம்பது, வலமும் இடமுமாக. அடுக்குமாடி வீட்டில் முதலில் கூரை உயரத்தை அளந்துவிடுங்கள், கையை உயர்த்திய உயரத்தோடு வாளின் நீளத்தையும் கூட்டி. என் வீட்டில் அந்தக் கணக்குப் பதினெட்டு சென்டிமீட்டர் உதைத்தது, கூடத்து விளக்குக்கு அது தெரியும். இப்போது வீட்டுக்குள் குடைதான், வாள் செவ்வாய்க்கிழமை கிளப்பில்.